கூண்டின் மேல் ஒரு குரல்

ஜூன் 4

ஆமாம், பொத்தான் இன்னும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள். நீ விட்டுப்போன செருப்பில் ஒன்றின் வாரைத் தின்று முடித்துவிட்டாள். இன்னொன்றைத் தொடவில்லை. சேமித்து வைக்கிறாள் போலிருக்கிறது.

போனில் நீ கேட்டபோது "ம்" என்றேன். நீயும் "ம்" என்றாய். பிறகு இருவருமே சார்ஜ் தீர்கிறது என்று சொல்லி வைத்துவிட்டோம். எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது சரி. எழுத்துக்கு நடுவில் யாரும் "ம்" போட முடியாது.

விஷயம் இது. நான் வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டியதும் பொத்தான் ஆரம்பிக்கிறாள். அதைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. ஊளை. நான் படியிறங்க இறங்க அதுவும் கூடவே இறங்குகிறது. மதியம் வந்து பார்த்தால் வாசற்கதவின் அடிப்பக்கம் சுரண்டி வெளுத்திருக்கிறது. நாளெல்லாம் நீ வீட்டில் இருந்து பழக்கிவிட்டாய். இப்போது வீட்டில் யாரும் இல்லாமலிருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

நேற்று கீழ்வீட்டு நர்ஸ் அக்கா மேலே வந்தார். இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கண்கள் சிவந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு.

"நல்ல வேளை நான் நர்ஸா இருக்கேன். வேற யாராவதா இருந்தா இந்நேரம் உன் நாய்க்கு ஊசி போட்டிருப்பாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மாசம் பாக்கறேன். அடங்கலன்னா ஓனர்கிட்ட சொல்லிருவேன். கோவிச்சுக்காத."

உனக்குத் தெரியும். சத்தம் வந்தால் நாய் போக வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார்.

போகிறபோது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சாரைக் காணோமே?"

"வேலை விஷயமா வெளியூர் போயிருக்காருக்கா. வந்துருவாரு."

"வெளியூர் போறவரு டேபிள் ஃபேனையுமா தூக்கிட்டுப் போவாரு?"

அந்த ஃபேனை நீ ஏன் எடுத்துப்போனாய் என்று இப்போது கேட்கவில்லை. பகலில் எடுத்துப்போயிருக்க வேண்டாம்.

கம்பிக் கூண்டு ஒன்று வாங்கிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று உன்னிடம் சண்டை போட்டவள் நான்தான். உள்ளே தள்ளிப் பூட்டினால் கத்துகிறாள். கீழே அக்கா தூங்குகிறாரே என்று உடனே திறந்துவிடுகிறேன். திறந்தால் நிறுத்துகிறாள். பூட்டினால் ஆரம்பிக்கிறாள். மேலே போர்வை போட்டு மூடிப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து கத்தினாள்.

நீ கொண்டுவந்த நாய். எப்படிப் பழக்குவது என்று எழுது.

&nbsp;

ஜூன் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தில் ஆரம்பத்தில் என் பேரும் இல்லை, முடிவில் உன் பேரும் இல்லை. கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ்கூட "அன்புடையீர்" என்றுதான் ஆரம்பிக்கும்.

நான் நலம். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. இன்னொரு மெக்கானிக்கும் நானும். அவர் தூக்கத்தில் பேசுவார், பெரும்பாலும் கூட்டல் கழித்தல். புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்டும் வேலை. இன்னும் கதவு வரவில்லை. எல்லாத் தளத்திலும் வெறும் குழி. கயிறு கட்டி வைத்திருக்கிறோம். ஃபேன் ஓடுகிறது. அந்த அறையில் வேறு காற்று கிடையாது, அதனால் எடுத்து வந்தேன். பகலில் பஸ் இருந்தது, அதனால் பகலில் எடுத்து வந்தேன்.

இப்போது பொத்தான். நீ செய்வது எல்லாமே தலைகீழ். கோபப்படாதே.

கத்தினால் கதவு திறக்கும் என்று அவளுக்கு நீதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நல்ல மாணவி, கற்றுக்கொண்டாள். முதலில் கூண்டுக் கதவைக் கழற்றி ஓரமாக வை. உள்ளே தள்ளாதே. சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கூண்டின் கடைசியில் வை. அவளாகப் போகட்டும், அவளாக வரட்டும். கொஞ்ச நாள் கழித்துக் கதவை மாட்டு, சும்மா சாத்து, உடனே திற. பிறகு கொஞ்சம் அதிகம். கத்துகிறபோது மட்டும் திறக்காதே. மூச்சு வாங்க ஒரு தடவை நிறுத்துவாள், அந்த இடைவெளியில் திற. தப்பு செய்தால் அதற்குள் போட்டு அடைக்காதே. அது அவள் அறை, ஜெயில் இல்லை.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் நாங்கள் முதலில் கதவைத் தொட மாட்டோம். முதலில் பேசுவோம். "பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன், கதவுக்கு இந்தப் பக்கம்." அதைக் கேட்டாலே பாதிப் பேருக்கு மூச்சு சீராகிவிடும். உன்னால் அப்படிப் பேச முடியாது என்றால் சொல், என் குரலைப் பதிந்து அனுப்புகிறேன். கூண்டின் மேல் உன் சின்ன ஸ்பீக்கரை வைத்துப் போட்டுப் பார். ஆரம்பத்துக்கு மட்டும்.

யோசித்துப் பார்த்தால், மனுஷர்களைப் பெட்டிக்குள் வைத்துப் பிழைக்கிற ஜோடி நாம். நீ கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காது சோதிக்கிறாய். நான் பெட்டியை மேலும் கீழும் இழுக்கிறேன். ஒரு நாயை உட்கார வைக்க நமக்குத் தெரியவில்லை.

வேலை போய் வீட்டில் கிடந்த மாதங்களில்தான் அவளைக் கொண்டுவந்தேன். நான் இருக்கிற அறைக்குள் யாராவது ஒருவர் வாலாட்டிக்கொண்டு வரட்டும் என்று. இதைக் குத்தலாக எழுதவில்லை. திரும்பப் படித்தால் குத்தலாகத்தான் இருக்கிறது. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

அன்புடன்,
மெக்கானிக்

&nbsp;

ஜூன் 17

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

பேர் போட்டுவிட்டேன். திருப்திதானே.

உன் பதிவு வந்தது. "படு. அப்படித்தான். நல்ல பொண்ணு. ஒண்ணுமில்ல. இங்கதான் இருக்கேன்." முதல் தடவை போட்டபோது பொத்தான் நின்ற இடத்தில் நின்றாள். ஒரு காது மட்டும் மேலே. பிறகு கூண்டுக்குள் போனாள். நான் ஒன்றும் செய்யவில்லை. தானாகப் போனாள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டாள். பதிவு முடிந்ததும் எழுந்து ஒவ்வோர் அறையாகப் போனாள். குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். நீ குளித்துவிட்டு வருவாய் என்று காத்திருக்கிறவள் மாதிரி.

அதனால் முடியவிடாமல் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மதியம் வந்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள். கதவில் புதிய கீறல் இல்லை.

கிளினிக்கில் இந்த வாரம் ஒரு தையல்காரர் வந்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தேன். அழுத்திக்கொண்டே இருந்தார். நான் ஒலியே அனுப்பாதபோதும் அழுத்தினார். இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஏமாற்ற இல்லை. கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கம். வெளியே மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் வெட்கம் கூடுதல். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரிப்பார், சரியாகச் செய்கிறேனா என்பதுபோல. நான் தலையாட்டுவேன். தலையாட்டக் கூடாது. ஆட்டினேன்.

நர்ஸ் அக்காவைப் படியில் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது. "அப்பாடா, ஒரு வழியா தூங்கினேன்" என்றார். வேறு ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஒரு உதவி. இன்னும் நீளமாகப் பதிந்து அனுப்பு. "படு, படு" என்பது மட்டும் வேண்டாம், அவளுக்கு அலுத்துப்போகும். சாதாரணமாகப் பேசு. எதையாவது வாசி. வீட்டில் இருந்தால் எப்படிப் பேசுவாயோ அப்படி.

அன்புடன்,
(டாக்டர் இல்லாத) டாக்டரம்மா

&nbsp;

ஜூன் 24

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

அனுப்பியிருக்கிறேன். கேட்டிருப்பாய். வீட்டில் இருந்தால் எப்படிப் பேசுவேனோ அப்படி என்று எழுதியிருந்தாய். வீட்டில் நான் பேசியதே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கையில் கிடைத்த லிஃப்ட் பாதுகாப்புக் கையேட்டை வாசித்தேன். நடுவில் இருமல் வந்தது. வெட்டத் தெரியவில்லை. அறை நண்பர் "யாருக்குப்பா பாடம் நடத்தற?" என்று கேட்டார். நாய்க்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறார்.

கையேடு தீர்ந்ததும் அந்த அம்மாள் கதையைச் சொன்னேன், நினைவிருக்கிறதா? லிஃப்டில் மாட்டிக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் "தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டவர். "ஆச்சும்மா." "அப்ப உனக்கும் இந்த மாதிரி பழக்கம்தான். சரி, மெதுவா திற." சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் குரல் வேண்டும் என்று யாரோ கேட்கிறார்கள். அது நாயாக இருந்தால் என்ன.

ஆனால் ஒன்று. இதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தினமும் கொஞ்சம் சத்தத்தைக் குறை. பிறகு கொஞ்ச நேரம் மட்டும். பிறகு இல்லாமல். தனியாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவள் கற்றுக்கொள்ள வேண்டும். நான் இருக்கிறேன் என்று கற்றுக்கொள்ளக் கூடாது. நான் இல்லையே.

ஜூலையில் லீவு கேட்கலாம் என்றிருக்கிறேன். வரட்டுமா? அவளைப் பார்க்க. உன்னையும்.

அன்புடன்,
மெக்கானிக்

&nbsp;

ஜூலை 2

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

பொத்தான் நலம். கூண்டுக் கதவு மாட்டியாகிவிட்டது. சாத்தினாலும் எழுவதில்லை. பால் பல் ஒன்று விழுந்தது. கம்பிக்குள் மாட்டிக்கொண்டிருந்ததை எடுத்து வைத்திருக்கிறேன்.

சத்தத்தை இப்போதைக்குக் குறைக்கவில்லை. அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று படுகிறது.

நீ விட்டுப்போன நீலக் கட்டம் போட்ட சட்டையைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டிருக்கிறேன். உன் வாசனை இருந்தால் அவள் அடங்கியிருப்பாள் என்றுதான்.

ஜூலையில் வர வேண்டாம். நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இப்போதுதான் பழகுகிறாள். நீ வந்துவிட்டுத் திரும்பப் போனால் மறுபடி முதலிலிருந்து. பிறகு வா. எப்போது என்று எழுதுகிறேன்.

கிளினிக்கில் கூட்டம். கை வலிக்கிறது. சின்னக் கடிதத்துக்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
நான்

&nbsp;

ஜூலை 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

துவைத்த சட்டையில் வாசனை ஏது?

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் கடிதத்தைப் படித்த அன்றே இது என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. நாய்க்கு வேண்டும் என்றால் அழுக்குச் சட்டையைக் கூண்டுக்குள் போட்டிருப்பாய். துவைத்துப் பால்கனியில் போட்டிருக்கிறாய். பால்கனி தெருவைப் பார்த்தது. நாய் கூடத்தில் இருக்கிறது. யாருக்காக அந்தச் சட்டை என்று எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தவர் நர்ஸ் அக்கா.

அவரிடம் என் நம்பர் இருக்கிறது, குளியலறைக் குழாய் கசிந்தபோது வாங்கியது. திங்கட்கிழமை மாலை போன் செய்தார். நான் மேல் தளத்தில், குழிக்குப் பக்கத்தில், தலையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, ட்யூட்டிலேர்ந்து பேசறேன். நேர்ல மேல வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். அதான்."

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணும் யோசிக்காதீங்க. வேல போறதும் வர்றதும் எல்லாருக்கும் நடக்கறதுதான். அதுக்காக இப்படியா? மாத்திரையை நடுவுல நிறுத்திராதீங்க. உங்க வீட்டம்மா பாவம், சொல்லும்போதே கண் கலங்கிருச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிங்கக்கா" என்றேன்.

"பகல் பூரா தனியாப் பேசிக்கிட்டே இருக்கீங்க. அதே பேச்சு. அதே இடத்துல இருமல். அந்த லிஃப்டுல மாட்டுன அம்மா கதைய இப்ப நானே மனப்பாடமா சொல்லுவேன். சொல்லிட்டு அதே மாதிரி சிரிக்கறீங்க தம்பி. கேக்கவே மனசு என்னமோ பண்ணுது. கொஞ்சம் கதவத் திறந்து வெளிய வந்து நடங்க. அது என்ன பின்னாடி சத்தம்?"

"பக்கத்துல வேலை நடக்குதுக்கா."

"சரி, ரெஸ்ட் எடுங்க."

வைத்துவிட்டார். நான் அங்கேயே நின்றேன். எங்கள் ஆள் கீழேயிருந்து "அண்ணே, என்னாச்சு, தல சுத்துதா?" என்று கத்தினான். ஆமாம் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அது பாசமா, பழக்கமா, தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கும். வேலை போன சமயம், படி முனையில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது யாரோ என்னைப் பற்றிக் கேட்டார்கள். "வீட்டிலேர்ந்தே வேலை பாக்கறாரு" என்றாய். லிஃப்ட் மெக்கானிக் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்! நம் கட்டிடத்தில் லிஃப்டே கிடையாது! யாரும் சிரிக்கவில்லை. நான் குப்பைப் பையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். பையைத் திரும்பக் கொண்டுபோய்ச் சமையலறையிலேயே வைத்தேன். அது மறுநாள் நாறியது. நீ ஏன் கொட்டவில்லை என்று கேட்டாய். "ம்" என்றேன். கிளம்பிப் போக வேண்டும் என்று நினைத்தது அன்றுதான்.

அன்று நான் இருந்தேன். இல்லாத வேலையைச் சொன்னாய். இன்று வேலை இருக்கிறது. இல்லாத என்னைச் சொல்கிறாய்.

கோபமாக எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பதிலாக இது வருகிறது: அப்படியென்ன வெட்கக்கேடு நான்?

ஒன்று மட்டும் செய். அந்தப் பதிவை நிறுத்து. எனக்காக இல்லை, பொத்தானுக்காக. "இங்கதான் இருக்கேன்" என்று நாள் முழுக்க அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒவ்வோர் அறையாகத் தேடுகிறாள் என்று நீயே எழுதினாய். லிஃப்டுக்கு வெளியே நின்று நான் அப்படிச் சொல்லும்போது நான் நிஜமாகவே அங்கே நிற்பேன்.

பிறகு இதற்குப் பதில் எழுது. நான் வந்தால் எந்த ஆளாக வர வேண்டும்? ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவனாகவா, மனசு தெளிந்தவனாகவா? ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறவன் எப்படிப் பையோடு படியேறி வருவான்?

மெக்கானிக்

&nbsp;

ஜூலை 14

அன்புள்ள உனக்கு,

பதிவை நிறுத்திவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றது எழுத நேரமாகும்.

அந்தத் தடவை படியில் நான் தலையாட்டினேன் என்று எழுதியிருந்தேன். அக்கா கேட்டது: "சார் வந்துட்டாரா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே." அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டபோது முதுகு லேசாக இருந்தது. உன் டேபிள் ஃபேனை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கூண்டை இடம் மாற்றினேன். கூடத்திலிருந்து குளியலறைக்கு வெளியே. குளியலறையில் காற்றுக்கு விட்ட சந்து கீழ்வீடு வரை இறங்குகிறது, அது வழியாகத்தான் அக்கா வீட்டு ரேடியோ நமக்குக் கேட்கும். கூண்டுக்குள் படுத்திருக்கிற நாய்க்கு எவ்வளவு சத்தம் போதும் என்று எனக்குத் தெரியும். காது என் தொழில். ஒரு சுவரைத் தாண்ட எவ்வளவு வேண்டும் என்பதும் தெரியும். சுவரைத் தாண்டும் அளவுக்கு வைத்தேன். கை தவறி வைக்கவில்லை. காதைச் சாய்த்து, சரிபார்த்து வைத்தேன்.

சட்டை அதற்குப் பிறகு. சட்டையை ஒருநாள் நனைத்துப் போட்டேன், மறுநாள் எடுத்தேன், பிறகு மறுபடி நனைத்துப் போட்டேன். யாரும் உடுத்தாத சட்டை.

பிறகு அக்கா மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, நாயைப் பற்றி இல்லை என்று. கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கறேன்னு தப்பா நெனக்காத. நீ வேலைக்குப் போனதும் சார் தனியாப் பேசிக்கிட்டே இருக்காரு. சொன்னதையே சொல்றாரு. நல்லாத்தானே இருக்காரு?"

அப்போது சொல்லியிருக்கலாம். உண்மை வாயில்தான் இருந்தது. "அது பதிவுக்கா, நாய்க்காகப் போடறேன்" என்று சொன்னால் போதும், சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அடுத்த கேள்வி வரும். அப்போ அவர் எங்கே?

"வேல போனதுலேர்ந்து மனசு சரியில்லக்கா. டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம்" என்றேன். கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை, அதுதான் கேவலம். சொல்லச் சொல்ல எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

விட்டுவிட்டுப் போன கணவனைவிடப் புத்தி பேதலித்த கணவன் எனக்குச் சுலபமாக வாயில் வந்தான். இதைத்தான் எழுத நேரமாயிற்று. இரண்டு தாள் கிழித்தேன்.

நீ கேட்டாய், அப்படியென்ன வெட்கக்கேடு நீ என்று. நீ இல்லை. நீ வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதும் நான் உன்னைப் பார்த்து வெட்கப்படவில்லை. படி முனையில் நிற்கிற ஐந்தாறு முகங்களைப் பார்த்து வெட்கப்பட்டேன். அவர்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை. ஆளே இல்லாத கண்ணாடிக்குப் பின்னால் யாரோ பார்க்கிறார்கள் என்று அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். தையல்காரருக்காவது மகள் நின்றுகொண்டிருந்தாள்.

பொத்தானின் செய்தி. ஸ்பீக்கரை எடுத்ததும் பழையபடி கத்தினாள். மதியங்களில் கிளினிக்கிலிருந்து வந்து கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். கூண்டைத் திரும்பக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். உள்ளே என் கிளினிக் கோட்டைப் போட்டேன். துவைக்காதது. முகர்ந்து பார்த்தாள், இரண்டு சுற்று சுற்றினாள், கோட்டின் கையை வாயில் வைத்துக்கொண்டு படுத்தாள். பிறகு மறுபடி கத்தினாள். நான் திறக்கவில்லை. பேசவும் இல்லை. "இங்கதான் இருக்கேன்" என்று சொல்லத் தோன்றியது. இருந்தேன், அதனால் சொல்லவில்லை.

மூச்சு வாங்க நிறுத்தினாள். திறந்தேன். நீ சொன்னது சரிதான், அந்த இடைவெளி இருக்கிறது. மிகச் சின்னது. பயந்துகொண்டிருந்தால் தெரியாது.

அக்காவின் மாதம் முடிந்துவிட்டது. ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை. உன் உடம்பை நினைத்துச் சும்மா இருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தச் சலுகையையும் நான் தின்றுகொண்டிருக்கிறேன். இனி முடியாது. உண்மை தெரிந்து பொத்தானை அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டியதுதான். அப்படி ஆனால் உன்னிடம்தான் கொண்டுவந்து விடுவேன். டயர் கடைக்காரரிடம் கேட்டு வை.

எந்த ஆளாக வருவது என்று கேட்டாய். வருவதென்றால் பகலில் வா. பையோடு வா. ஃபேன் வேண்டாம், அங்கே காற்றில்லை. படியில் யாராவது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் வருகிற இடத்தைச் சொல். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டால் அதையும் நீயே சொல். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம். வராமல் இருந்தாலும் நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லியாக வேண்டும்.

சட்டையை மடித்து வைத்துவிட்டேன்.

அன்புடன்,
நான்

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டுக் கீழே போனேன். பொத்தானைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன். அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார், தோளில் துண்டு. வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் வீட்டில் இல்லை, வேலைக்காக ஊருக்குப் போகவும் இல்லை, என்னை விட்டுப் போயிருக்கிறார். நீங்கள் கேட்டது பதிவு. மாத்திரை எதுவும் இல்லை.

"அப்ப நான் போன் பண்ணி அந்த மனுசன மாத்திரை சாப்பிடச் சொன்னேனே!" என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்ன நெனச்சிருப்பாரு என்னைப் பத்தி? எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? ஏம்மா, நான் என்ன பாவம் பண்ணேன் உனக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். சரி என்று அவர் சொல்லவில்லை. பாதிக் கதவைச் சாத்தினார். பிறகு திறந்து, "நாய் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். நான் தூங்கணும்" என்றார். "சாயங்காலம் முழிச்சுதான் இருப்பேன். அப்ப எவ்வளவு வேணா கத்தட்டும். அந்த நேரத்துல பழக்கு. அடுத்த மாசம் மறுபடி கேப்பேன்." கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே பொத்தான் ஆரம்பித்திருந்தாள். படி முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நம் வீட்டு நாய்தான் என்று சொன்னேன். ஓடவில்லை. படியில் உட்கார்ந்தேன். அவள் நிறுத்தியதும் எழுந்து மேலே போய்க் கூண்டைத் திறந்துவிட்டேன்.